நித்தியகல்யாணிக் கசாயம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருக்காவது தலைவலி என்று காதில் விழுந்தால் போதும், அவர்கள் கேட்பதற்கு முன்பே மருந்து சொல்லிவிடுவேன். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன், கையில் ஃபோன் இருக்கிறது. எங்கள் தெருவில் இந்த இரண்டும் சேர்ந்தாலே பாதி டாக்டர். மீதிப் பாதியை வாயால் நிரப்பிக்கொள்வேன். இந்தப் பழக்கத்தால் ஒரு மனுஷியைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். யாரிடமும் சொல்ல வாய் வராததால் எழுதிவைக்கிறேன்.

பெரம்பலூருக்கும் அரும்பாவூருக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. மக்காச்சோளம்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு வருடம் படைப்புழு தின்றது, மூன்றாம் வருடம் மழை ஏமாற்றியது. அந்தச் சமயத்தில் தெற்கிலிருந்து மூலிகை வாங்க வந்த வியாபாரி ஒருவர் நித்தியகல்யாணி போடச் சொன்னார். ஆப்பிரிக்காப் பக்கம் மடகாஸ்கர் என்ற தீவிலிருந்து வந்த செடியாம். தண்ணீரே கேட்காதாம். ரத்தப் புற்றுநோய்க்கு அதிலிருந்துதான் மருந்து எடுக்கிறார்களாம். இலையையும் வேரையும் அவரே வந்து வாங்கிக்கொள்வாராம். பையிலிருந்து ஒரு செடியை எடுத்துக் காட்டினார். ஐந்து இதழ் வைத்த ரோஸ் கலர் பூ. பார்த்ததும் என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று பேர்.

“சுடுகாட்டுல மொளைக்கிறதக் கொண்டாந்து கொல்லையில போடச் சொல்றாரு. ஊரே சிரிக்கும்” என்றார்.

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பட்டினி கெடந்தா ஊரா வந்து ஒல வைக்கப் போவுது?” என்றேன்.

புரட்டாசி மழையில் விதைத்தோம். விதை கடுகைவிடப் பொடி. மணலோடு கலந்து தூவினால்தான் ஓரிடத்தில் குமியாமல் விழும். இரண்டு களை எடுத்ததோடு சரி, அப்புறம் அது பாட்டுக்கு வளர்ந்தது. சுற்றிலும் எல்லாக் கொல்லையும் காய்ந்து கிடந்த சித்திரை வெயிலில் எங்கள் கொல்லை மட்டும் பூத்து நின்றது. வேலியே வேண்டியிருக்கவில்லை. மேய வந்த ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போயின. அந்த ஆடுகளுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. புற்றுநோய்க்கு மருந்து என்பதோடு நிறுத்தாமல், ஃபோனில் எதிலோ பார்த்ததையும் சேர்த்து, சர்க்கரை நோய்க்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “ஒரு செடிய வச்சுக்கிட்டே இந்த ஆட்டம் ஆடறியே, ஒனக்கு ஒரு தோட்டம் இருந்திருந்தா ஊரு தாங்காது” என்று என் கணவர் கேலி செய்வார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீடும் ஒரே வீடாக இருந்து நடுவில் சுவர் வைத்துப் பிரித்தவை. பாகம் பிரித்த அன்று மாவரைக்கும் கிரைண்டர் யாருக்கு என்பதில் அக்காவுக்கும் எனக்கும் வாய்த்தகராறு வந்தது. கிரைண்டர் அவர்கள் பக்கம் போனது, பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் வழக்கம்போல ஒன்றாக டீக்கடைக்குப் போனார்கள், ஒன்றாக உழுதார்கள். நாங்கள் இருவர் மட்டும் பதினோரு வருடம், நல்லது கெட்டதில் எதிர்ப்பட்டால் “வாங்க”, “சாப்பிட்டீங்களா” என்பதோடு முடித்துக்கொண்டோம்.

முதல் இலை உருவியபோது ஆள் கிடைக்கவில்லை. அக்காவின் கணவர், என் மூத்தார், அவளையும் கூட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்து உருவிக்கொண்டிருந்தபோது அக்கா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“ஏன்டி, இது சக்கரைக்குக் கேக்கும்னு சொல்றாங்களே, நெசமா?”

அவளுக்கு ஆறேழு வருடமாகச் சர்க்கரை. மாதம் ஒரு முறை நர்ஸம்மா வீட்டுக்கே வந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். பதினோரு வருடத்தில் “சாப்பிட்டீங்களா” தவிர அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

“கேக்கும்க்கா. பூவ விட எலைக்குத்தான் வீரியம் சாஸ்தி. ஒரு கைப்பிடி போட்டு, மூணு டம்ளர் தண்ணிய ஒரு டம்ளரா சுண்டக் காய்ச்சி, வெறும் வயித்துல குடிக்கணும். நானே காய்ச்சிக் கொண்டாரேன்.”

“மாத்திர?”

“அத நிறுத்திடுங்க. ரெண்டும் சேந்தா ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கும்.”

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எந்த ஃபோனிலும் நான் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போகக் கூடாதே என்று அந்த நொடியில் என் வாயில் வந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு அடுப்படிக்குப் போனேன். மூத்தார் அந்நேரம் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருப்பார். நாலு பேருக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் மருந்து பலிக்காது என்று அதற்கும் ஒரு சட்டம் போட்டிருந்தேன். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். உடம்பு ஒருமுறை குலுங்கும். பிறகு சீரகம் மென்றுகொண்டே என்னோடு பேச உட்காருவாள். அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். மாமியார் எங்கள் இருவரையும் ஆட்டிவைத்த கதை, என் பெண் ஜெயங்கொண்டத்தில் வாக்கப்பட்டுப் படும் பாடு, எல்லாம் பேசினோம். கிரைண்டரைப் பற்றிக்கூடப் பேசிச் சிரித்தோம். நான் வைத்தியம் பார்க்கிறேன் என்ற நினைப்பில்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. “ஒடம்புல உள்ள கழிவு வெளியேறுதுக்கா, நல்லதுதான்” என்றேன். சாப்பாடு இறங்கவில்லை. “பத்தியம் தானா அமையுது பாருங்க” என்றேன். அந்த மாதம் நர்ஸம்மா குத்திப் பார்த்தபோது சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது. வயிற்றில் ஒன்றும் தங்காதவளுக்குக் குறையாமல் என்ன செய்யும்? எனக்கு அது தோன்றவில்லை. என் கணவரிடம் மார்தட்டிக்கொண்டேன். நர்ஸம்மா கொடுத்த மாத்திரைகளை அக்கா ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தாள். சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது, பாதம் மரத்துப்போகிறது என்றாள். சூடு என்றேன், விளக்கெண்ணெய் தடவச் சொன்னேன்.

ஏழாவது வாரம் ஒரு காலை நான் டம்ளரோடு போனபோது அக்கா அடுப்படியில் சாய்ந்து கிடந்தாள். மூச்சு இரைத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரம்பலூர் கொண்டுபோனோம். சர்க்கரை ஏறு ஏறென்று ஏறி மீட்டரில் எண்ணே காட்டவில்லை என்றார்கள். ரத்தத்தில் அணுக்களும் குறைந்திருந்தன, அதற்குக் காரணம் பிடிபடவில்லை. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் எங்களை வெளியே கூப்பிட்டார்.

“மாத்திரைய நிறுத்தினாங்களா? நாட்டு மருந்து, கசாயம், லேகியம் ஏதாச்சும் குடிச்சாங்களா? மறைக்காம சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் நாங்க சரியா பாக்க முடியும். உயிர் விஷயம்.”

மூத்தார் என் பக்கம் திரும்பினார். “காலையில நீதானம்மா அவகூட இருக்க. ஒனக்குத்தான் தெரியும். சொல்லு.”

என் கணவரும் என்னைப் பார்த்தார். அவருக்கும் கசாய விஷயம் தெரியும், ஆனால் மாத்திரையை நிறுத்தியது தெரியாது. நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.

“அப்படி ஒண்ணும் இல்லீங்க டாக்டர். மாத்திர ஒழுங்காத்தான் போட்டாங்க” என்றேன்.

குரல் நடுங்கக்கூட இல்லை. உள்ளே கிடப்பவள் பிழைப்பாளா என்பதைவிட, மூத்தார் கண்ணில் நான் என்ன ஆவேன் என்பதே அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் வேறு மாதிரி எழுத முடியவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் என்னைக் கேலி செய்வதில்லை.

இரண்டு நாள் அவர்கள் எதையெதையோ தேடினார்கள். டெங்குவா, கிருமியா, வேறு ஏதாவதா என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மனைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. அது தெரிந்துதான் நேர்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அக்காவுக்கு நினைவு தெளிந்தது. டாக்டரம்மா அதே கேள்வியை அவளிடம் கேட்டார். நான் ஃப்ளாஸ்க்கோடு கட்டிலருகில் நின்றேன்.

“எங்க கொல்லையில சுடுகாட்டு மல்லி போட்டிருக்கோம்மா. அதப் பறிச்சுக் காய்ச்சிக் குடிச்சேன். மாத்திரையும் நிறுத்திட்டேன்.”

“யாரு குடிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அது விஷச் செடி என்றும், அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுப்பது பெரிய கம்பெனிகள் செய்கிற வேலை, அடுப்படியில் செய்கிற வேலை இல்லை என்றும் சத்தம் போட்டார். “இத முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு நாள் வீணாப் போயிருக்குமா? ஏன்தான் இப்படி இருக்கீங்களோ!” எனக்கு விழவேண்டிய திட்டு ஒவ்வொன்றையும் அக்கா படுத்தபடியே வாங்கிக்கொண்டாள். நான் ஃப்ளாஸ்க் மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பிழைத்தாள். ஆனால் பாதத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. சர்க்கரையாலா, இலையாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். கல் மேல் வைக்கிறோமா, முள் மேல் வைக்கிறோமா என்று தெரியாமல், தரையைப் பார்த்துப் பார்த்து நடக்கிறாள். கொல்லைக்கு வருவது நின்றுவிட்டது. செடி மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னபடியே வியாபாரி வந்தார், மூட்டை ஏற்றினார், போனார். நான்தான் அக்கா வீட்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். குழம்பு வைத்தால் என் கணவரிடம் கொடுத்தனுப்புவேன். தெருவில் அவள் குரல் கேட்டால் உள்ளே போய்விடுவேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னை அவள் வாசலிலிருந்து கூப்பிட்டாள். தப்பிக்க வழியில்லை, போனேன்.

“ஏன்டி வரமாட்டேங்குற?”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா வரது? நான்தானே குடுத்தேன். டாக்டருகிட்ட பொய் வேற சொன்னேன்.”

“தெரியும். என்னைய உள்ள எடுத்துட்டுப் போனப்பவே கேட்டாங்களாம், நீ இல்லன்னு சொல்லியிருக்கன்னு அவரு சொன்னாரு.” கொஞ்ச நேரம் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். “மூணாம் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது ஒத்துக்கலன்னு.”

“அப்பறம் ஏன்க்கா குடிச்சீங்க?”

“பதினோரு வருசமா செவுத்துக்கு அந்தாண்ட நீ பேசறது கேக்கும். எல்லார்கிட்டயும் பேசுவ, சிரிப்ப. எங்கிட்ட மட்டும் இல்ல. இப்ப டம்ளர எடுத்துக்கிட்டு நீயா வந்து ஒக்காந்து பேசற. வேணாம்னு சொல்லிட்டா, நீ வரதும் நின்னு போயிடுமேன்னு குடிச்சேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். அப்போது மூத்தார் பால் கேனோடு உள்ளே வந்து, எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் அழுவுறீங்க?”

 ஆஸ்பத்திரியில் சொன்னதுபோல அக்கா இப்போது எனக்காக எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். இந்த ஒரு தடவையாவது நான் பேசவேண்டும் என்பதற்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

“ஒண்ணுமில்ல மாமா, சும்மா பழசெல்லாம் பேசிக்கிட்டிருந்தோம்” என்றேன்.

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.