மூன்றாம் தடவை கூப்பிடும்வரை

வீட்டில் யாராவது என்னைக் கூப்பிட்டால் முதல் தடவையில் நான் ஏனென்று கேட்க மாட்டேன். இரண்டாம் தடவைக்கும் வாய் வராது. மகனுக்கு இதில் எரிச்சல். "காதுதான் நல்லா கேக்குதேம்மா, ஒரு சத்தம் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்?" என்பான். அவன் கைப்பிள்ளையாக இருந்தபோது நடந்ததால் வந்த பழக்கம் இது. அவனிடம் முழுசாகச் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

எழுபதுகளின் கடைசியில் கோச்சடையில் இருந்தோம். விறகடுப்புக் காலம். என் வீட்டுக்காரரின் அக்காளை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி, எதிர்வீட்டு அக்கா, நான், மூன்று பேரும் வாரத்துக்கு ஒரு நாள் நாகமலைக்கு விறகுக்குப் போவோம்.

அந்த மாசியில் என் கொழுந்தன் கூட்டாளிகளோடு மலையின் முதுகு வழியாகவே, கிழக்கு நுனியில் ஏறி மேற்கே கணவாய் வரைக்கும் நடந்துவிட்டு வந்தான். இமயமலைக்குப் போய் வந்ததுபோல ஒரே அளப்பு. கணவாய்க்கு மேலே ஓர் உடைமுள் மரத்தில் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டு வந்திருக்கிறானாம்.

"நாங்க வாரா வாரம் ஏறுற மலதானடா?" என்றார் மதினி.

"வெறகு பொறக்குறது வேற, இது வேறக்கா. முடிஞ்சா அந்தத் துண்ட அவுத்துக்கிட்டு வா, பாப்பம்."

"பூட்ஸு போட்டு நடந்துட்டு வந்து காலுக்கு வேப்பெண்ணெ தடவிக்கிட்டு ஒக்காந்திருக்க. நாங்க வெறுங்கால்ல சொமையோட எறங்குறவளுக. துண்டு வரும். அத வச்சு மூஞ்சியத் தொடச்சுக்க."

"அன்னைக்குச் சோறு யாரு ஆக்குறது?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"அதையும் இந்தப் பூட்ஸுக்காரனே ஆக்கட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. "நானும் வாரேன் மதினி" என்றேன். மாமியார் திரும்பிப் பார்த்தார். "பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டா? சங்குல ஊத்துனா துப்புறான். ஒங்கிட்டத் தவிர ஒரு சொட்டு எறங்காது அவனுக்கு. பொழுது சாயறதுக்குள்ள வந்து சேர்ற வழியப் பாரு." சரி அத்தை என்றேன். தெருவில் தலை குனிந்தே நடந்து பழகியவள் நான். மலைமேல் அப்படி நடக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் போனேன்.

கருக்கலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். மேலே போனபோது வெயில் ஏறிவிட்டது. வலப்பக்கம் வைகை மணலும், தூரத்தில் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சையும் தெரிந்தன. இடப்பக்கம் காய்ந்த புஞ்சை. நடுவில் பாறை முதுகு. பாதி தூரத்தில் எனக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது. மற்ற இருவரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பால் பீச்ச வேண்டும் என்று கூப்பிட்டுச் சொல்லக் கூச்சம். ஒதுங்கினேன்.

பீச்சிய பாலைக் கால் படும் இடத்தில் விடக் கூடாது, எறும்பு மொய்க்கவும் கூடாது, பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் சுவரில் பீச்சுவோம், இல்லாவிட்டால் செடித் தூரில். தடத்துக்குக் கீழே பாறை வெடிப்பில் ஓர் இச்சி மரம் நின்றது. அதன் தூருக்கு ஒருவரும் போக மாட்டார்கள் என்று இறங்கினேன். கல் புரண்டது. வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே கால் இரண்டு பாறைக்கு நடுவில் செருகிக்கொண்டது.

"மதினி" என்று கூப்பிட்டேன்.

எனக்கு இருந்தது அடுப்படிக்குள் பேசுகிற குரல். ஆனாலும் கேட்டுவிட்டது. வெடிப்பின் வழியாக அவர்கள் முதுகு தெரிந்தது. மதினி நின்றார், திரும்பவில்லை. எதிர்வீட்டு அக்கா வாயைத் திறக்கப் போனார். மதினி அவர் வாயைப் பொத்தினார். பிறகு இரண்டு பேரும் வேகுவேகென்று நடந்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மலையிலும் காட்டிலும் பின்னாலிருந்து குரல் வந்தால் பதில் கொடுக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. முனி ஒரு தடவை கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தடவை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷக் குரல். எனக்கும் அது தெரியும். மூச்சைத் திரட்டி மறுபடி கூப்பிடுவதற்குள் அவர்கள் மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டார்கள்.

காலை இழுக்க இழுக்கத் தோல்தான் வழண்டது. இச்சி இலைகள் சலசலத்தன. பால் தானாகவே வழிந்து ரவிக்கையை நனைத்துப் பாறையில் சொட்டியது. எறும்புகள் வரிசை பிடித்து வந்தன. கையால் தட்டத் தட்ட வந்துகொண்டேயிருந்தன. வற்றிவிட்டால் பிள்ளைக்கு என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சோழவந்தான் பக்கம் ரயில் ஊதியது. அதுகூட அவன் அழுவது போலத்தான் கேட்டது.

வெயில் மேற்கே திரும்பியபோது மேலே மதினியின் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

என் வாய் திறக்கவில்லை. போனவர்கள் இதற்குள் எப்படி வருவார்கள்? இரண்டாம் தடவை கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏ செவிட்டு மூதி, எங்கடி கெடக்க? மூணாந்தடவ கூப்புடுறேன்டி. நாந்தான்!"

"ஏன் மதினி?" என்றேன், அடுப்படியிலிருந்து கேட்பதுபோல.

தோளில் சிவப்புத் துண்டோடு எட்டிப் பார்த்தார். நான் சத்தமில்லாமல் பின்னாலேயே வருவதாகக் கணவாய் வரை நினைத்திருக்கிறார்கள். குரல் கேட்ட பிறகு திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை. இரண்டு பேரும் தண்ணீரை ஊற்றிக் காலை உருவினார்கள். அந்தத் துண்டாலேயே கட்டினார்கள். கைத்தாங்கலாக இறக்கி, தேங்காய் ஏற்றிவந்த ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தோம். அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை அடைத்து, வாய் மட்டும் திறந்து மூடியது. மாமியார் திட்டவில்லை. "வெயில் பாலு, பயந்த பாலு. மொதப் பால பீச்சி விட்டுட்டுக் குடு" என்றார். சுவரோரம் திரும்பி நின்றேன். பீச்சினேன். பால் வந்தது. பிள்ளை பிடித்த பிடி இன்னும் மார்பில் இருக்கிறது.

துண்டில் ரத்தம் இருந்தது. கொழுந்தன் அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை.

சில நாள் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே மதினி சொன்னார். "நீதான்னு தெரியாமப் போச்சேடி."

"நான் மதினின்னு கூப்புட்டேனே."

முறம் நின்றது. "மதினின்னா கூப்புட்ட?"

"ஆமா. வேற எப்புடிக் கூப்புடுவேன்?"

"எங்க ரெண்டு பேருக்கும் கேட்டது எம் பேருடி. பேரச் சொல்லித்தான் கூப்புட்டுச்சு."

மதினியின் பெயரை என் வாயால் நான் சொன்னதே கிடையாது.

அதற்குப் பிறகு நாங்கள் மலைக்குப் போகவில்லை. விறகைத் தொட்டிக் கடையில் விலைக்கு வாங்கினோம். மதினி போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. இப்போது மாடிக்குப் போனால்தான் நாகமலை தெரிகிறது. வீட்டில் என்னை அம்மா என்றும் அப்பத்தா என்றும் கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. ஆனாலும் பொழுது சாயும் நேரம் காய்ந்த துணியை எடுக்கும்போது, மலைப் பக்கமிருந்து மதினியின் குரல் என் பெயரைக் கூப்பிடுகிறது. துணியைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். எப்போதும் ஒரு தடவைதான்.

போன வாரம் இரண்டு தடவை கேட்டது.