வலது முழங்கால்

பைக் பந்தயமே பிழைப்பு என்றாகிப் பத்து வருஷம் ஆகியும் அவளுக்கு இரண்டாம் இடம்தான். வளைவில் வண்டியைச் சாய்த்தால் முழங்கால் தரையில் உரசும். அதற்கென்றே பந்தய உடையின் இரண்டு முழங்காலிலும் தோல் பட்டை உண்டு. உடையைத் தைத்துத் தரும் அண்ணன் ஒருநாள் கத்தினார்.

"இடது பட்டை கிழிஞ்சு தொங்குது. வலது பட்டை புத்தம் புதுசாவே இருக்கு. யாருக்குடி பத்திரமா எடுத்து வச்சிருக்க?"

அவள் வலது பட்டையைத் தடவிப் பார்த்தாள். வலது வளைவில் விழுந்து உடைந்த எலும்பு என்றோ கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

அடுத்த பந்தயத்தின் கடைசி வளைவு வலது பக்கம். முன்னால் ஒரே ஒருத்தன். பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தாள். முழங்கால் தரையில் உரசியது, அவனை முந்திவிட்டாள்.

கோப்பையை நீட்டியபோது அண்ணன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குனிந்து வலது முழங்காலைப் பார்த்தார். பட்டை நார்நாராய்க் கிழிந்திருந்தது.

"இப்படிக் கிழிச்சா எவன்டி தைப்பான்?" என்றார், வாயெல்லாம் பல்லாக.