தாய்மாமன் மடியில் விரித்த துண்டு

என் பேத்திக்கு மூன்றாம் மாதத்தில் கன்னங்கள் சிவந்தன. பிறகு முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் செதில் படர்ந்து நீர் கசிந்தது. தண்டலம் பக்கத்தில் தோல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். இது எக்சிமா, ஈரத்தைத் தக்கவைக்க இயலாத தோல், யாருக்கும் தொற்றாது என்றார் அவர். அந்தக் கடைசிச் செய்தியை மட்டும் எங்கள் உறவினர் இன்றுவரை நம்பவில்லை.

மகனுக்கும் மருமகளுக்கும் ஒரகடத்தில் ஷிப்டு வேலை. என் மனைவி காலமாகிவிட்டதால் பகலில் குழந்தை என் பொறுப்பில் இருந்தாள். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். சொன்னதைச் சொன்னபடி செய்வது எனக்குப் பழக்கம். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டுவேன். பயத்தம் மாவும் சாம்பிராணிப் புகையும் நிறுத்தப்பட்டன. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் மணமில்லாத களிம்பைப் பூசுவேன். சிவந்த இடங்களுக்கு மட்டும், மருத்துவர் குறித்த நாள்வரை, வேறொரு மருந்து. நகங்களை ஒட்ட வெட்டி, பருத்திச் சட்டை அணிவிப்பேன். குழந்தை சொறியாமல் உறங்கத் தொடங்கினாள்.

என் தங்கை வந்தாள். மருமகளை நிற்க வைத்துக் கேட்டாள்: "கம்பெனி கேன்டீன்ல கத்திரிக்காயும் கருவாடும் துன்னுகினு வந்து பால் குடுத்தா, புள்ளைக்குக் கரப்பான் வராம இன்னா வரும்?"

"கேன்டீன்ல கருவாடு போட்டா நான் ஏன் அத்தே வூட்டுக்கு வரேன்? அங்கியே ஓவர்டைம் பாத்துகினு இருந்துடுவேன்" என்றாள் மருமகள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அதற்கு முன்பே மீனையும் முட்டையையும் கத்திரிக்காயையும் யாரும் சொல்லாமலேயே விலக்கி, அவள் பாதியாக இளைத்திருந்தாள். அவற்றை விலக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்தப் பக்கம் அவள் கை போகவில்லை.

தோல் ஆறட்டும் என்று மொட்டையையும் காதுகுத்தையும் தள்ளிவைத்தோம். காரணத்தை நான் ஊருக்கு அறிவிக்கவில்லை. என் வீட்டுக் குழந்தையின் உடம்பு கடைத்தெருவில் பேசுவதற்கான பொருள் அன்று. ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. குஷ்டம் என்றுகூட ஒருவர் சொன்னதாகச் செவிக்கு வந்தது. தோல் ஆறி நாள் குறித்ததும் மருமகளின் அண்ணனை மட்டும் அழைத்து, இது தொற்றாது, வாசனை கூடாதென்பதால் தலையில் சந்தனம் பூசப்போவதில்லை என்று விளக்கினேன். "சரி மாமா, புரியுது" என்றார். அவர் படித்தவர்; நம்பினேன். மொட்டையன்று சபையில் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்பதே எங்கள் வீட்டின் ஒரே எதிர்பார்ப்பு.

வடக்குப்பட்டில் எங்கள் குலதெய்வக் கோயில். உறவினர் திரண்டிருந்தனர். தாய்மாமன் சீர்த்தட்டுகளை வைத்துவிட்டுப் பலகையில் அமர்ந்தார். பிறகு பையிலிருந்து ஒரு முரட்டுத் துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, மடியில் விரித்தார்.

"தம்பி, துண்டு எதற்கு?" என்று கேட்டேன்.

"புது வேட்டி மாமா. சந்தனம் பட்டா கறை போவாது."

"சந்தனம் கிடையாது என்று உங்களிடமே சொன்னேன்."

"அப்போ முடி கொட்டும் இல்ல?"

"மொட்டைக்கு வந்துட்டு முடி ஒட்டக்கூடாதுன்னா எப்புடிப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். துண்டை மட்டும் எடுக்கவில்லை.

குழந்தையை மடியில் வைத்தோம். அவர் துண்டின் விளிம்புகளால் அவளைச் சுற்றிப் பிடித்தார். விரல் ஒன்றும் அவள்மேல் படவில்லை. பிடிப்பில் உறுதியில்லாததால் அவள் ஒருபக்கமாகச் சரிந்து, கன்னத்தை அந்த முரட்டு நூலில் தேய்த்து அழுதாள். வாரக்கணக்கில் ஆற்றி வைத்த தோல் என் கண்ணெதிரே சிவந்து பிளந்தது.

மருமகள் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அங்கேயே தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் இருத்தி, "எடுங்க" என்றாள். கத்தியைப் பிடித்திருந்தவர் என்னைப் பார்த்தார்.

"தாய்மாமன் குந்திகினு கீறப்போ தாய் மடியா? ஊரு இன்னா சொல்லும் அண்ணா?" என்றாள் தங்கை.

முறைகளை மதித்தே வாழ்ந்தவன் நான். அன்று, "எடுங்கள்" என்றேன்.

மொட்டையும் காதுகுத்தும் தாயின் மடியிலேயே முடிந்தன. தாய்மாமன் துண்டை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இலையில் அமர்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

புண்பட்ட கன்னம் மெல்ல ஆறியது. இப்போது மடிப்புகளில் மட்டும், குளிர்காலத்தில் செதில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. பொங்கலுக்குப் புதுத்துணியோடு வந்த தாய்மாமன், கன்னம் பளிச்சென்றிருப்பதைப் பார்த்துவிட்டு, "வாடா கண்ணு, மாமா கிட்ட வா" என்று வெறுங்கைகளை நீட்டினார். குழந்தை தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்று மருமகள் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை.