சாதிக் தேர்ந்தெடுத்த கேமரா

சாதிக் இறந்துவிட்டான். இன்று காலை, வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே.

டைப் செய்துவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன்... நம்ப முடியவில்லை.

சிதம்பரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அவன் எக்ஸ்ரே டெக்னீஷியன். நான் ரிப்போர்ட் டைப் செய்கிறவன். ஒன்பது வருஷமாக மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். முப்பத்தெட்டு வயது அவனுக்கு.

இன்று எனக்கு லீவு, கடலூரில் வீட்டில் இருந்தேன். பத்தரைக்கு ரிசப்ஷனில் இருக்கும் கனிமொழி போன் செய்தாள். "அண்ணே... சாதிக் அண்ணன் கீழ விழுந்துட்டாங்க."

ஒரு பேஷண்ட்டை அனுப்பிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள்... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

எட்டு நாற்பதுக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவன். "ஃபிலிம் வந்துட்டு மச்சான். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வர்றேன்." நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டேன்.

ஃபிலிம், எங்கள் கேமராவுக்கு. இந்தப் பக்கத்தில் நான் போடும் பார்ட்டி போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மங்கலாக, சிவந்த கண்களோடு... எல்லாம் அதில் எடுத்தவை.

விசேஷத்துக்குப் போனால் ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு ஃபிலிம் கேமரா வாங்கலாம் என்று ஆரம்பித்தது நான்தான். இரண்டு வருஷம் இருக்கும். பாண்டிச்சேரியில் பழைய கேமரா விற்கும் ஒருவர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அவர் மேஜைமேல் மூன்று கேமராக்களை எடுத்துவைத்தார்.

எனக்குப் பிடித்தது பெரிய லென்ஸ் வைத்த கனமான கேமரா. கழுத்தில் மாட்டினால் கெத்தாக இருக்கும்.

சாதிக் ஒத்துக்கொள்ளவில்லை. "இத மாட்டிகிட்டு போனா போட்டோகிராபர் வந்துட்டாருன்னு எல்லாரும் சட்டைய சரி பண்ணிகிட்டு நிப்பாங்க மச்சான். பிரியாணி திங்கிறவன் கூட கைய எடுத்துடுவான்."

இரண்டாவது ரொம்ப அழகு, ஆனால் ஃபிளாஷ் கிடையாது. "நம்ம ஊரு மண்டபத்துல இத வெச்சி எடுத்தா கறுப்பாத்தான் வரும்."

மூன்றாவது, சட்டைப் பையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. ஃபோகஸ், ஃபிளாஷ் எல்லாம் தானாகவே. அதைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. "இதான். யார்கிட்ட குடுத்தாலும் அமுக்கலாம். எங்க அம்மா கூட எடுக்கும். எடுத்துட்டுப் போறவனும் படத்துல இருக்கணும்ல?"

அது முதன்முதலில் போனது குறிஞ்சிப்பாடிக்கு, கனிமொழி அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்து, இரண்டு வருஷமாக வெளியே வராத மனிதர். அன்று பட்டு வேட்டி கட்டி, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எல்லார் போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டது நான். கேமரா கை மாறிக்கொண்டே இருந்தது. கனிமொழியின் சித்தி எடுத்தாள், சமையல்காரர் எடுத்தார். அவ்வளவு சிரிப்பு.

பத்து நாள் கழித்து, கழுவக் கொடுத்த சென்னை லேபிலிருந்து மெசேஜ். ரோலில் ஒன்றுமே இல்லை.

சாதிக் ஃபிலிமைச் சரியாக மாட்டவில்லை. உள்ளே அது நகரவே இல்லை. சாயங்காலம் முழுக்க வெறும் ஃபிளாஷ்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெனம் நாப்பது பேரு நெஞ்ச படம் புடிக்கிறேன்... ஒரு ரோல மாட்டத் தெரியல பாரு."

கூரியரில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

"வேணாம் மச்சான். அவரு எழுந்து நின்னாரு. அதுக்குப் போயி பொய் சொல்லக் கூடாது."

வேலை முடிந்ததும் தனியாகவே பஸ் ஏறிக் குறிஞ்சிப்பாடிக்குப் போனான். என்னைக் கூப்பிடவும் இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, "மாமா, தப்பு என்னோடது" என்று சொல்லியிருக்கிறான். அதற்கு அவர், "அதுக்கென்ன தம்பி... இன்னொரு தபா அறுபது ஆயிட்டுப் போறேன்" என்றாராம்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் திரும்பப் போனோம். மறுபடி கேக், மறுபடி பட்டு வேட்டி. ஃபிலிம் நகர்கிறதா என்று சாதிக் மூன்று முறை பார்த்தான். அவர் இந்த முறை மகள் தோளையும் விட்டுவிட்டு, சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்று மதியம் அவர் போன் செய்தார். பேச்சு இன்னும் குழறும். "அந்தத் தம்பியா? நம்ம தம்பியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் மாமா என்றேன். "நான் இருக்கேனே..." என்றார். அதற்குமேல், அவரிடம் சொல்ல வீட்டுக்கு வந்திருந்த கனிமொழி போனை வாங்கிக்கொண்டாள்.

அவன் ஊர் பரங்கிப்பேட்டையில் சாயங்காலத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது. எல்லாமே அவ்வளவு சீக்கிரம்... காலையில் பேசியவன்.

கபரஸ்தானில் நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். எங்கே நிற்பது, என்ன செய்வது, எதுவும் தெரியவில்லை. சாதிக்கின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். "அண்ணே, ஏன் இங்க நிக்கிறீங்க... வாங்க. நீங்களும் மூணு கைப்பிடி மண்ணு போடுங்க."

போட்டேன். ஈர மணல், கடற்கரை ஊர் மண். மூன்றாவது பிடியை விடக் கை வரவில்லை. அவன் தம்பிதான் என் விரல்களைப் பிரித்துவிட்டான்.

போயிட்டு வாடா சாதிக்.