ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை

ஒரு விடுகதை. ஒருத்தர் வந்தால் எல்லாரும் வருவார்கள். எல்லாரும் வந்தால்தான் அந்த ஒருத்தர் வருவார். அது எந்த இடம்? பிள்ளை சேர்க்க வெயிலில் வீடு வீடாக அலைந்த ஆசிரியர்களே, உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும்: அரசுத் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு.

ஆம்பூர் பக்கத்தில் நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில் இந்த ஆண்டு அது காலி. ஒரு பிள்ளைகூடச் சேராவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, இருக்கிற பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு அனுப்புவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். லாரிகள் நிற்காத சாலை அது. தனியார் பள்ளி வேனில் இன்னும் ஏறாத ஐந்து வயதுப் பிள்ளை எங்கள் ஊரில் நந்தினி ஒருத்திதான்.

செருப்பு

நந்தினியின் அம்மா சுமதி ஷூ கம்பெனியில், தைத்து வரும் ஷூக்களில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் இருப்பவர். பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் புத்தகம், பை, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தை அவர் தொடவில்லை. செருப்பை எடுத்து வளைத்தார். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

“இன்னா டீச்சர் இது, ஓரத்துல ஒட்டவே இல்ல. எங்க லைன்ல வந்தா ரிஜெக்ட்டு.”

கம்பெனி பஸ்

ஆனால் சுமதியின் பேஜார் செருப்பு இல்லை. அவருடைய கம்பெனி பஸ் ஏழு மணிக்கு. தனியார் பள்ளி வேன் அதற்கு முன்பே வந்து பிள்ளையை ஏற்றிக்கொள்ளும். எங்கள் மணி அடிப்பது ஒன்பதுக்கு. நடுவில் பிள்ளையை யாரிடம் விடுவது?

ஏழுக்கு முன்பே கேட்டைத் திறக்கிறேன் என்றேன். மறுநாளே திறந்தேன். அவர்கள் அம்மாக்களுக்கும் அதே கம்பெனி பஸ் என்பதால், ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள் தூக்கம் கலையாத தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னோடு இருக்கும் ஒரே ஆசிரியர் ரமேஷ், ஒன்பதுக்கு வந்து பார்த்தார். வராந்தா நெடுக வாண்டுகள் படுத்திருந்தன.

“பாடம் நடத்தலாமா மேடம், இல்ல தொட்டில் கட்டலாமா?”

செக்கிங்

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சுமதி நந்தினியோடு பள்ளிக்கே வந்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளையை எழுப்பப் போனேன். வேண்டாம் என்று தடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். விரல் இம்ரானைக் காட்டியது. போன வருடம் எழுத்துக்கூட்டவே திணறியவன்.

இம்ரான் எழுந்தான். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் அரைப் பக்கம், திக்காமல் வாசித்தான். சுமதி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“லாட்ல ஒண்ணு எடுத்துப் பாத்தா போதும் டீச்சர், பாஸு. இனிமே அவ இஷ்டம். டெய்லி வரப்போறது அவதானே?”

அவள் இஷ்டம்

நந்தினி ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். புதுப் பாய், துடைத்த கரும்பலகை. “எம் பக்கத்துல யாரு உக்காருவாங்க?” என்று கேட்டாள். நான் உட்காருவேன் என்றேன். நீ வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்றும் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாத சுமை அது.

செருப்பைத் தவிர எல்லாவற்றிலும் எங்கள் பள்ளி தேறியிருந்தது. நந்தினி வேனில் போகிறேன் என்றாள்.