மெயினருவியில் நான் அடித்த விசில்

பேய் அடித்தது, முனி மறித்தது என்று யாராவது ஸ்டேஷனுக்கு வந்தால் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷ போலீஸ் வேலையில் எத்தனையோ பிணத்துக்குத் தனியாகக் காவல் இருந்திருக்கிறேன், ஒன்றும் எழுந்து உட்கார்ந்ததில்லை. இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கோபமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மகள் கோமதிக்கு அப்போது ஐந்து வயது. லேசாக இருமிக்கொண்டிருந்தவளை நான்தான் ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்தேன். குற்றாலத் தண்ணீரால் சளி பிடிக்கும் என்று தென்காசிக்காரன் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான், இருக்கிற சளியையும் எடுத்துவிடும் என்பான், நானும் அந்த ரகம்தான். அன்றைக்கே காய்ச்சல். போன தடவை மிச்சமிருந்த மருந்தை ஊற்றி மூன்று நாள் ஓட்டினேன். நாலாம் நாள் மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே இழுத்தது, உதடு கருத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நிமோனியா, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது என்றார்கள். ஐ.சி.யு.வில் சேர்த்து, மூச்சுக்கு மெஷின் வைத்து, சீழ் வடிய இடது விலாவில் ஒரு குழாயும் போட்டார்கள்.

"அருவியில குளிச்சதால வரல ஏட்டையா, இது கிருமி. ஆனா காய்ச்சல் வந்த அன்னைக்கே கொண்டாந்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, என் மனைவி இருந்தாள். சீசன் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, நாலு மணி வரை மட்டும் மெயினருவியில் நில்லும் என்றார் இன்ஸ்பெக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல் என்று போனேன். அங்கே எங்கள் வேலையே தண்ணீரைப் பார்ப்பதுதான். நிறம் கலங்கினால், சருகும் குச்சியும் வந்தால் மலையில் பெருமழை என்று அர்த்தம், உடனே விசில் அடித்துக் குளிக்கிறவர்களை வெளியேற்ற வேண்டும்.

மத்தியானம் மூன்று மணி. தண்ணீர் கண்ணாடியாக விழுகிறது. ஆண்கள் பக்கம், தொப்பையும் எண்ணெயுமாக நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் என் மகள் நிற்கிறாள், ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட பச்சைச் சட்டையோடு. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு தண்ணீர் தலையில் விழுந்தும் முடி நனையவே இல்லை. நான் விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினேன், "ஏட்டி கோமதி, வெளிய வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் விழுந்தடித்து ஓடிவந்தது. பாறையில் பிள்ளை இல்லை.

"என்னவே ஏட்டு, தண்ணி தெளிவாத்தான வருது, எதுக்கு விசில் அடிச்சீரு?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். பதில் சொல்வதற்குள் போன் வந்தது, மனைவி.

"ஏங்க, புள்ள பொழச்சிட்டா, சீக்கிரம் வாங்க."

விலாவில் போட்ட குழாய் உடம்புக்கு அடியில் மடங்கி அடைத்திருக்கிறது. மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போன நேரம். இன்னும் சில நிமிஷம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. ஓடிவந்து குழாயைச் சரிசெய்த நர்ஸ் செங்கோட்டைப் பெண், என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. மெஷின் அலாரம் அடிக்கல. கட்டில்கிட்ட யாரோ போலீஸ் விசில் அடிச்சாங்க, அதான் திரும்பிப் பாத்தேன்."

"எத்தன மணிக்கும்மா?"

"மூணு இருக்கும்."

வேறு யாருக்கும் கேட்கவில்லை, விசாரித்துவிட்டேன். கோமதி வீடு திரும்பினாள், இப்போது இரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் அடிதடி எல்லாம் உண்டு. விசிலுக்கு விளக்கம் எனக்கு வேண்டாம், பிள்ளை வந்துவிட்டாள், அது போதும் என்றுதான் தைரியமாக இருந்தேன்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு அருவியில என்னைய மட்டுந்தான கூப்பிட்டீங்க. என் கையப் புடிச்சிட்டு ஒரு புள்ள நின்னாள்லா, அவ வெளிய வந்துட்டாளா?"

அருவியில் கோமதியைப் பார்த்ததை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் அதே நிமோனியாவோடு இலத்தூர்ப் பெண்பிள்ளை ஒன்று கிடந்தது. சாயங்காலமே உயிர் போய்விட்டது.

"வந்துட்டா தாயி, நீ சாப்பிடு" என்றேன். அந்தப் பிள்ளையை நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.