கும்பிட்டால் ஓடும் வண்டி

பத்மநாபசாமி கோயில் இருக்கிற மலையாள ஊரில், ஆரியசாலையில், எங்கள் சந்தின் கடைசி வீட்டில் மாடம்மாள் அக்கா இருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவளைப்போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வருவாள். இரண்டு சக்கர வண்டியில் ஏறவே மாட்டாள். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் ஆறுமுகசாமி அண்ணன் யாரிடமோ ஸ்கூட்டர் இரவல் வாங்கி, அவளைப் பின்னால் உட்காரவைத்து மழையில் கூட்டிப் போனார். கரமனைப் பாலத்தில் வண்டி வழுக்கி இருவரும் விழுந்தார்கள். அவளுக்கு முழங்காலில் காயம், அவ்வளவுதான். ஆனால் பின்னால் வந்த லாரி அவள் தலைமாட்டில் வந்து நின்றதாம். அந்த டயரின் சூடு கன்னத்தில் பட்டது என்று இன்றைக்கும் சொல்வாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் நடைதான், இல்லாவிட்டால் பஸ்தான்.

அப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில், நின்றுகொண்டே ஓட்டுகிற வண்டியில் ஏறிக் கோட்டையைச் சுற்றிய கதை இது. அவள் வாயால் கேட்டதையும், கூடப் போன ஆர்ஷா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாடம்மாள் அக்கா முதலில் எங்கள் தெரு வற்றல் மிளகாய்க் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிற வேலையில் இருந்தாள். அந்த நெடி நெஞ்சில் இறங்கி இரைப்பு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவாள். இனி மிளகாய்ப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போது சாமி காட்டின வழிபோலக் கிடைத்ததுதான் கிழக்கேகோட்டையில் சஜி என்பவர் நடத்துகிற சுற்றுலா ஆபீஸ் வேலை. ஊர் பார்க்க வருகிறவர்களை வண்டியில் ஏற்றிக் கோட்டைத் தெருக்களைச் சுற்றிக் காட்டுவார்கள். அக்காவுக்கு வண்டிகளைத் துடைத்து, சார்ஜில் போட்டு, முற்றத்தைப் பெருக்குகிற வேலை. அங்கே சேர்ந்த பிறகுதான் அவள் படுத்துத் தூங்கினாள்.

அந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துக்கு ஒரு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, நெஞ்சளவுக்கு ஒரு தண்டு, அதில் கைப்பிடி. உட்கார இடம் கிடையாது. ஆக்ஸிலேட்டர், பிரேக் எதுவும் கிடையாது. உடம்பு முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். தானே விழாமல் நின்றுகொள்ளுமாம். அக்கா அதைத் துடைக்கும்போதுகூட, எங்கேயாவது தன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று எட்ட நின்றுதான் துடைப்பாள்.

ஒரு கூட்டம் புறப்பட்டால் முன்னால் வழிகாட்டி போகும். பின்னால் ஒரு ஆள் கடைசியாக வரவேண்டும், யாரும் பின்தங்கிவிடாமல் பார்க்க. முன்னால் போகிறது ஆர்ஷா என்கிற பெண். பின்னால் போய்க்கொண்டிருந்த பையன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். சஜி அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வரும் மாதம் முதல் துடைக்கிற வேலையை ஒரு கம்பெனிக்குக் காண்டிராக்ட் விடப்போகிறார். துடைக்க மட்டும் தனியாக ஆள் வைக்க முடியாது. பின்னால் ஓட்டக் கற்றுக்கொண்டால் அக்கா வேலையில் நிற்கலாம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கவேண்டும். அவர் கெட்ட மனுஷன் இல்லை, முடியாததை முடியாது என்று சொல்கிறவர்.

வேறு இடம் என்றால் அக்காவுக்கு மிளகாய்க் கிட்டங்கிதான்.

வீட்டில் வந்து சொன்னபோது ஆறுமுகசாமி அண்ணன் சிரித்துவிட்டார். "ஏளா, நீ ஆட்டோல போனாலே ஆட்டோக்காரன் தோளப் புடிச்சுத் தொங்குத ஆளு. நீ வண்டி ஓட்டுனா ரோட்டுல இருக்கவன்லாம் வீட்டுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிடணும்" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

சாயங்காலங்களில் ஆபீஸ் முற்றத்தில் ஆர்ஷா கற்றுக்கொடுத்தாள். பலகையில் கால் வைத்தவுடன் அக்காவின் கால் நடுங்கும். அந்த வண்டிக்கு நடுக்கம் உடனே தெரிந்துவிடும், அதுவும் முன்னும் பின்னும் நடுங்கும். அதைப் பார்த்து அக்கா இன்னும் நடுங்குவாள். கரமனை லாரியின் டயர் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இறங்கிப் போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, இரைப்பு வந்த ராத்திரிகளை நினைத்துக்கொண்டு மறுபடியும் வந்து ஏறுவாள். ஒருவழியாக முற்றத்தைச் சுற்றுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

சஜி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் குறித்தார். ஒரே நிபந்தனை. புறப்பட்டதிலிருந்து திரும்பி வருகிறவரை பின்னால் வருகிற ஆள் கால் தரையில் குத்தக்கூடாது, ஊன்றி இறங்கக்கூடாது. அந்த ஆளே இறங்கி நின்றால், வந்தவர்கள் பயந்துபோவார்கள் என்பது அவர் கணக்கு. கால் குத்தினால் ஆர்ஷா வந்து சொல்லவேண்டும். "சேச்சி பேடிக்கண்டா, முன்னால போறவங்க முதுகை மட்டும் பாத்தா மதி" என்று மலையாளம் கலந்து தைரியம் சொல்லிவிட்டு அவர் பள்ளிக்கு, அதாவது அவர்கள் சர்ச்சுக்கு, கிளம்பிப் போனார்.

அன்று வந்தவர்கள் நம்மவர்கள். தேவகோட்டையிலிருந்து ஒரு பெரியவர், அவர் மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் வீட்டுக்காரர். அதுவரை வந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்தான். இந்த நான்கு பேரும் முற்றத்தில் பழகிவிட்டு, குழந்தைகள் மாதிரி சிரித்துக்கொண்டு ஆர்ஷா பின்னால் வரிசையாகப் புறப்பட்டார்கள். கடைசியில் தலையில் ஹெல்மெட்டோடு மாடம்மாள் அக்கா. உள்ளங்கை வேர்த்துக் கைப்பிடி வழுக்கியது. ரோட்டில் கூட்டம் இல்லை. ஆனாலும் ஒரு பஸ் பக்கத்தில் உறுமினபோது, கண்ணை மூடிவிடக்கூடாது, மூடிவிடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வந்தது. தேங்காய் உடைபடுகிற சத்தம் கேட்டது. அக்கா இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த இடத்தைத் தலையில் குட்டிக்கொள்ளாமல் கடந்ததில்லை. பஸ்ஸில் போனாலும் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துக் குட்டிக்கொள்வாள். அன்றைக்கும் கை தானாக எழும்பிவிட்டது. இரண்டு முஷ்டியும் நெற்றிப்பொட்டுக்குப் போக, தலை தாழ்ந்தது, தலையோடு உடம்பும் தாழ்ந்தது.

வண்டி பாய்ந்தது.

கும்பிடுகிறாள் என்று வண்டிக்குத் தெரியுமா? முன்னால் சாய்ந்தால் போகச் சொல்கிறாள் என்றுதான் அதற்குத் தெரியும். தேங்காய்த் தண்ணீர் ஊறின தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு கோயில் வாசலைப் பார்த்துப் போனது. எப்படிக் கைப்பிடியைப் பிடித்தாள், எப்படிப் பின்னால் சாய்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் நாலு அடி ஓடி, ஆடி, நின்றது. கால் மட்டும் குத்தவில்லை. தேங்காய் விற்கிறவர் கூடையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, "எந்தா சேச்சி, கணபதிய வண்டியில ஏற்றிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்னால் போன ஐந்து பேரும் ரோட்டிலேயே கண்ணாக இருந்ததால் கோயிலையும் பார்க்கவில்லை, இதையும் பார்க்கவில்லை. அவர்கள் முதுகு கோட்டைவாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அக்கா பின்னால் போனாள்.

கோட்டைக்குள் நுழைந்த பிறகுதான் அவளுக்கு முழுப் பயம் வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பத்மநாபசாமியின் கோபுரம் நேருக்கு நேர் நிற்கும். அந்த இடத்தில் கும்பிடாமல் எப்படிப் போவது? கையை எடுத்தால் விழுவாள். எடுக்காவிட்டால் சாமி முன்னால் தலை நிமிர்ந்து நின்றவள் ஆவாள். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்று தெரியவில்லை. "அப்பனே, இன்னைக்கு ஒரு நாளு மனசாலயே கும்பிட்டுக்கிடுதேன், குத்தமா எடுத்துக்கிடாத" என்று வேண்டிக்கொண்டு விரல்களைக் கைப்பிடியில் இறுக்கினாள்.

பத்மதீர்த்தக் குளத்தின் ஓரத்தில் ஆர்ஷா எல்லாரையும் நிறுத்தினாள். வண்டியில் நின்றபடியே கேட்பது வழக்கம். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே கோபுரத்தைப் படம் எடுப்பார்கள். படம் எடுக்கிறவன் நிமிர்ந்துதான் நிற்பான், வண்டியும் சும்மா நிற்கும். ஆர்ஷா மேத்தன்மணிக் கடிகாரத்தைக் காட்டி, அதில் மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடா வந்து பொம்மை முகத்தின் கன்னத்தில் முட்டுவதைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். "இனி இந்தப் பக்கம் பாருங்க" என்று கோபுரத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

அக்கா கோபுரத்தைப் பார்க்கவில்லை. சஜி சொன்னபடி முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர் முன்னால் நின்ற பெரியவரின் மனைவி, அந்தப் பெரியம்மா, முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். கைப்பிடியிலிருந்து விரல்கள் விடுபட்டன. அதற்கும் முன்னால் பெரியவரின் இரண்டு முழங்கையும் அகன்றன. நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் முதுகு வளையத் தொடங்கியது. ஒரு பக்கம் குளத்தின் கம்பிவேலி. எதிரே குளித்து ஈரத்தலையோடு தரிசனத்துக்குப் போகிற சனங்கள், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி.

கன்னத்தில் லாரியின் சூடு அடித்தது. வண்டியில் நின்றுகொண்டு கத்த அவளால் முடியாது. கத்தினால் உடம்பு முன்னால் போகும். அவள் காலைத் தரையில் ஊன்றி இறங்கினாள்.

"கைய எடுக்காதிய! எறங்குங்க, எறங்கி நின்னு கும்பிடுங்க!"

பெரியம்மா திடுக்கிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் மட்டும் அதற்குள் கைகூப்பிக் குனிந்துவிட்டார். அவர் வண்டி விருட்டென்று கிளம்பியது. ஆர்ஷா தன் வண்டியைக் குறுக்கே திருப்பினாள். சக்கரத்தோடு சக்கரம் மோதியது, அவர் ஆர்ஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தி இறங்கினார். கணுக்காலில் லேசாகச் சிராய்ப்பு. பிள்ளையோடு போனவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

பிறகு எல்லாரும் இறங்கி, வண்டிகளை வேலி ஓரம் நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்கள். அக்காவும் கும்பிட்டாள்.

திரும்பி வந்தபோது சஜி சர்ச்சிலிருந்து வந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் இறங்கியதும் கணுக்காலைக் காட்டிக் கோபப்பட்டார். தான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்ததாகவும், பின்னால் வந்த அம்மா பேய் மாதிரிக் கத்தினதால்தான் தடுமாறியதாகவும் சொன்னார். அக்கா குழாயடிக்குப் போய்த் துணியை நனைத்து, பழைய வேலையையே செய்வதுபோல ஒரு வண்டியின் சக்கரத்தைத் துடைக்கத் தொடங்கினாள். மூக்கில் மிளகாய் நெடி வந்துவிட்டது என்று சொன்னாள். இல்லாத நெடிக்கு இருமல்கூட வந்ததாம்.

பெரியம்மாதான் பேசினாள். "நீங்க சும்மா இருங்க. நீங்க குனிஞ்சீங்க, அது கிளம்புச்சு. நானும் கையை எடுக்கத்தான் போனேன். அந்த அம்மா கத்தலைன்னா நாம நாலு பேரும் குளத்து வேலியிலதான் கிடப்போம்."

சஜி ஆர்ஷாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அக்கா கால் குத்தினது உண்மைதான் என்று சொன்னாள்.

"சேச்சி, ரூல் மறந்துபோச்சோ?"

"மறக்கல சார். தெரிஞ்சுதான் எறங்குனேன்" என்றாள் அக்கா. துணியைக் கையிலிருந்து விடவில்லை.

கும்பிட்டால் வண்டி ஓடும் என்பதை சஜி நம்பவில்லை. அவர்கள் வழக்கத்தில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள், அதற்கு உடம்பு குனியாது. ஒரு வண்டியை இழுத்து ஏறினார். முற்றத்தின் நடுவில் நின்று, நம்மைப்போல இரண்டு கையையும் கூப்பி, பக்தியாகவே இடுப்பு வளையக் குனிந்தார். வண்டி அவரை நேராகக் கொண்டுபோய்த் தண்ணீர் டிரம்மில் முட்டியது. டிரம் உருண்டது, சஜி தண்ணீரில் விழுந்தார். பெரியவர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார்.

சஜி நனைந்த பேண்டோடு எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டே வண்டியை ஓரம் நிறுத்தினார். பழவங்காடியிலும் கோபுரத்துக்கு எதிரிலும் இனி எல்லாரும் இறங்கவேண்டும் என்றார். யார் முதலில் இறங்குவது என்று ஆர்ஷா கேட்டாள். "சேச்சி இறங்கட்டே. சேச்சி இறங்குனா எல்லாரும் இறங்கும்" என்றார். காண்டிராக்ட்டுக்காரர்கள் அந்த மாதம் வந்து துடைக்கத் தொடங்கினார்கள். அக்கா ஹெல்மெட்டோடு வேலையில் நின்றாள்.

இப்போது நான் காலையில் பிள்ளையாரைக் கும்பிடப் போகும்போது சிலநாள் அந்தக் கூட்டம் எதிரே வரும். கடைசியில் மாடம்மாள் அக்கா. நான் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முன்னால் உள்ள முதுகிலேயே கண் இருக்கும். உதடு அசைந்துகொண்டே இருக்கும். வாசல் வந்ததும் முதல் ஆளாக இறங்கி, வலதுகையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, இடதுகையால் மட்டும் குட்டிக்கொள்வாள். ஒரு கையால் குட்டினால் சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். ஏற்றுக்கொள்ளும் என்றுதான் சொன்னேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்டதற்கு, "எங்க போவுது? பலகையில கால வச்சதும் வந்துருதுல்லா" என்றாள். ஆறுமுகசாமி அண்ணன் தினமும் அவள் புறப்படும்போது சத்தமாகக் கதவைச் சாத்திக் கேலி செய்கிறார். அவள் அதைக் காதில் வாங்காமல் நடந்துபோகிறாள். கிழக்கேகோட்டை வரைக்கும் நடைதான்.